மாத்திரை போட்டும் ‘ரத்தம் ஏறலை’யா? கர்ப்பிணிகள் கேட்க வேண்டிய இன்னொரு டெஸ்ட்

“ஹீமோகுளோபின் 9தான் இருக்கு. கீரை, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க, மாத்திரையை விடாம போடுங்க.” செக்கப்புக்குப் போகும் கர்ப்பிணிகள் பலருக்கும் பழக்கமான வசனம் இது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகக் கர்ப்பிணிகளில் சுமார் 48% பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 52%. பெரும்பாலும் காரணம் இரும்புச்சத்துக் குறைபாடுதான். ஆனால், எல்லோருக்கும் அல்ல.

தலசீமியா மரபணுவை அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் ‘கேரியர்’. இந்தியாவில் 100 பேரில் 3, 4 பேர் இப்படி இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இவர்கள் நோயாளிகள் அல்ல. சிவப்பணுக்கள் சிறிதாக இருக்கும், லேசான ரத்தசோகை இருக்கலாம், அவ்வளவுதான். மேலோட்டமாகப் பார்த்தால் இரும்புச்சத்துக் குறைவு மாதிரியே தெரியும். அதனால்தான் தவறிப்போகிறது. கணவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் வர 25% வாய்ப்பு. அந்தக் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சாதாரண சிபிசி ரிப்போர்ட்டிலேயே முதல் தடயம் இருக்கிறது. எம்சிவி 80-க்குக் கீழே, எம்சிஎச் 27-க்குக் கீழே இருந்தால், அடுத்தது எச்பிஎல்சி டெஸ்ட். அதில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 - 4 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா கேரியராக இருக்கலாம். இரும்புச்சத்து ரொம்பவே குறைந்திருந்தால் ஏ2 அளவும் இறங்கிக் காட்டும். எனவே எல்லைக்கோட்டில் வரும் ரிசல்ட்டை ‘நார்மல்’ என்று மூடிவைக்கக் கூடாது. ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். அதற்காக இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கேரியருக்கும் இரும்புச்சத்துக் குறைபாடு வரலாம்.

இதில் எதிரி, காலம். ‘மூணு மாசம் மாத்திரை போட்டுப் பார்ப்போம்’ என்று காத்திருந்தால் ஐந்தாம் மாதம் வந்துவிடும். கருவுக்கு நோய் இருக்கிறதா என்று அறியும் நஞ்சுத்திசுப் பரிசோதனை 11-வது வாரம் முதலே செய்யக்கூடியது. பனிக்குட நீர்ப் பரிசோதனை 15 வாரத்துக்குப் பிறகு. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தமோ 24 வாரம் வரைதான் வழிவிடுகிறது. கருவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் மட்டும், மருத்துவக் குழுவின் முடிவுப்படி அதற்குப் பிறகும் அனுமதி உண்டு. எந்த முடிவு எடுப்பதானாலும் தம்பதிக்கு யோசிக்க நேரம் வேண்டுமே! முதல் செக்கப்பிலேயே மனைவிக்கு, சந்தேகம் என்றால் அதே வாரத்தில் கணவருக்கு என்பதுதான் சரியான வரிசை. நடைமுறையில் கணவரை லேபுக்கு வரவைப்பதுதான் பெரும்பாடு.

ரத்தசோகை உள்ளவர்களை மட்டும் பரிசோதித்தால் போதுமா?

போதாது. சிக்கிள் செல் கேரியருக்குப் பெரும்பாலும் ரத்தசோகையே இருக்காது, எம்சிவியும் நார்மல். நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த மரபணு இருப்பது 1952-லேயே தெரிந்த விஷயம். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளை மையமாக வைத்து 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. தலசீமியாவுக்கு அந்த வேகம் இல்லை. சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் இன்னும் உள்ள மாநிலத்தில் இது கவலைக்குரியது. மனைவி சிக்கிள் செல் கேரியர், கணவர் தலசீமியா கேரியர் என்றாலும் குழந்தைக்கு ஆபத்து உண்டு.

எச்பிஎல்சி, வாழ்நாளில் பெரும்பாலும் ஒருமுறை செய்தால் போதுமான டெஸ்ட். ரிசல்ட் பாசிட்டிவ் என்றால் அக்கா, தம்பிக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். அவர்களும் கேரியராக இருக்கக் குறைந்தது 50% வாய்ப்பு உண்டு.