சேனைக்காரருக்குத் தெரிந்த தீ

வரிப்பத்தான்சேனை, அட்டாளைச்சேனை, வாழைச்சேனை என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பலவற்றில் சேனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. காட்டை வெட்டி, காயவிட்டு, தீ வைத்து நிலமாக்கியவர்களின் பிள்ளைகள் நாம். தீ மூட்ட ஒரு நெருப்புக்குச்சி போதும். காற்று திரும்பினால் அது அடுத்த காட்டுக்குப் பாயாமல் பார்ப்பதில்தான் சேனைக்காரரின் கெட்டித்தனம் இருந்தது.

மாரி பிறந்தால் வீட்டுக்கு வீடு தடிமலும் இருமலும் கேட்கும். வைரஸால் வரும் நியூமோனியாவிலும் இதே கதைதான். கிருமி செய்யும் சேதம் ஒருபுறம். அதை எரிக்க உடம்பு மூட்டும் தீ எல்லை தாண்டுவதால் வரும் சேதம் மறுபுறம்.

வைரஸ் நுரையீரலுக்குள் புகுந்ததும் உடம்பு இன்டர்பெரோன் போன்றவற்றைச் சுரந்து எச்சரிக்கை விடுகிறது. இரத்தக் குழாய்கள் வழிவிட, வெள்ளணுக்கள் வந்து சேருகின்றன. காய்ச்சலும் உடல் நோவும் அந்தப் போரின் அடையாளங்கள். பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் எல்லாம் தணிந்துவிடும். சிலருக்கு முதல் எச்சரிக்கை பிந்துகிறது. பின்னால் எழும் அழற்சி அடங்க மறுக்கிறது. முதியவர்களும் நீரிழிவுக்காரர்களும் இந்த ஆபத்துக்கு நெருக்கமானவர்கள். குழாய்களிலிருந்து கசியும் நீர் காற்றறைகளை நிரப்ப, ஒட்சிசன் இரத்தத்தில் சேர வழியில்லாமல் போகிறது. கொரோனாவில் முதல் வாரம் நடமாடித் திரிந்தவர்கள் பலர், அடுத்த வாரம் மூச்சு முட்டிச் சரிந்ததற்கு இது முக்கிய காரணம்.

பிரித்தானியாவின் ‘ரிகவரி’ ஆய்வு 2020 ஜூனில் இதை உலகுக்கு உறுதிப்படுத்தியது. டெக்ஸாமெத்தசோன் மலிவான, பழைய ஸ்டீரொயிட் மருந்து. அது வைரஸைக் கொல்லாது; அழற்சியை அடக்கும். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கும் அது குறைத்தது. ஒட்சிசனே தேவைப்படாதவர்களுக்கோ பலன் தரவில்லை. கெடுதி செய்யலாம் என்ற ஐயமும் எழுந்தது. மருந்து ஒன்றுதான். கொடுக்கும் வேளைதான் உயிரைத் தீர்மானித்தது.

நாமோ அந்நாட்களில் ‘எதிர்ப்புச் சக்தி’ தேடி ஓடினோம். 2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதைப் பருகிக் காட்டிய அன்றைய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்தது. நம் மக்களை வேறோர் அச்சமும் வாட்டியது. கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது 2021 மார்ச்சில்தான். அதுவரை வைத்தியசாலை வாசலை மிதிக்கவே தயங்கியவர்கள் உண்டு. ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியான ஒரு நோயில் அந்தத் தயக்கம் எவ்வளவு ஆபத்தானது! கட்டாய எரிப்புக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. நம்பிக்கை உடைந்தால் மருந்தும் பிந்தும் என்பதை இனிவரும் அரசுகளும் மறக்கக் கூடாது.

ஆகவே சில வேண்டுகோள்கள். காய்ச்சல் வந்த முதல் நாளே பாமசியில் கேட்டு ஸ்டீரொயிட் குளிசை விழுங்காதீர்கள். பாமசிக்காரர்களே, வைத்தியரின் துண்டில்லாமல் கொடுக்காதீர்கள். கொத்தமல்லித் தண்ணீர் குடியுங்கள், தடையில்லை. ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சிறு கருவி ஊருக்குச் சிலவாவது இருக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் சங்கங்களும் நினைத்தால் முடியும். அளவு 94க்குக் கீழே இறங்கினால், பேசும்போது மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

சேனைக் காவலுக்கு அன்று மரத்தில் அட்டாளை கட்டி இரவெல்லாம் கண்விழித்திருந்தார்கள். வீட்டில் வாப்பாவோ உம்மாவோ காய்ச்சலில் கிடந்தால், அந்த இரண்டாம் வாரத்துக் காவல் நம்முடையது.