அடித்தால் வளருமா?

போன வாரம் கல்லூரிக்கு வெளியே டீக்கடையில் ஒரு வாக்குவாதம். ரோமப் பேரரசு பற்றிய வகுப்பு முடிந்து அப்போதுதான் வந்திருந்தோம். "எந்தக் கொள்கையும் அடிக்க அடிக்கத்தான் வளரும். ரோம்காரன் சும்மா விட்டிருந்தா கிறிஸ்தவம் பாலஸ்தீனத்தையே தாண்டியிருக்காது" என்றான் ஒரு நண்பன். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்து படிக்கும் தோழி ஒருத்தி மட்டும், "அப்போ அடி வாங்கினவங்களோட வலிக்கு என்ன கணக்கு?" என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அந்தக் கேள்வி ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நண்பன் சொன்னது புதிய கருத்து இல்லை. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் இருந்த தெர்த்துல்லியன் என்ற எழுத்தாளர், கிறிஸ்தவர்கள் சிந்திய ரத்தத்தை விதைக்கு ஒப்பிட்டார். அழகான உவமைதான். ஆனால் நான் மஞ்சள் விளைகிற ஈரோட்டுக்காரன். விதை மஞ்சளைக் காட்டில் வீசிவிட்டு வந்தால் முளைக்காது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண் வேண்டும், தண்ணீர் வேண்டும், களை எடுக்க ஆள் வேண்டும். அப்படியானால் துன்புறுத்தல் என்ற விதைக்கு மண் எது, தண்ணீர் எது?

ரோமுக்குப் போகும் முன் நம் ஊர்க் கதை ஒன்றைப் பார்ப்போம். தோழியின் மாவட்டத்துக் கதை.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அரசுப் பணியில் இருந்தவர். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக்காரர் டிலனாய் மூலம் கிறிஸ்தவம் அவருக்கு அறிமுகமாகிறது. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆகிறார். 1749-ல் கைது. எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

எருமை மேல் ஏற்றியது எதற்கு? நாலு பேர் பார்த்துச் சிரிக்க வேண்டும், பயப்பட வேண்டும் என்பதற்கு. நடந்தது வேறு. சிரிக்க வந்த கூட்டத்தில் சிலராவது, "இவ்வளவு பட்டும் இந்த ஆள் ஏன் மாறவில்லை?" என்று யோசித்திருப்பார்கள். அந்தக் கேள்வியை எழுப்பிவிட்டது சபை இல்லை, அரசாங்கம். அவமானப்படுத்தப் போட்ட ஊர்வலமே விளம்பரம் ஆகிவிட்டது. கோட்டாறில் அடக்கம் செய்யப்பட்ட அவரை 2022 மே 15 அன்று வத்திக்கான் புனிதராக அறிவித்தது. அந்த நிலைக்கு உயர்ந்த முதல் இந்தியப் பொதுநிலையினர் அவர்தான்.

அதற்கு முன்பே ராமநாதபுரம் பக்கம் ஓரியூரில் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டார். அவர் ரத்தம் பட்டுத்தான் மண் சிவந்தது என்று நம்பி, அந்தச் செம்மண்ணை மக்கள் இன்றும் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். கொன்றவர்கள் ஒரு மனிதரை அகற்ற நினைத்தார்கள். பதிலுக்கு ஒரு யாத்திரைத் தலம் வந்துவிட்டது.

திருநெல்வேலிச் சீமையில் நடந்தது இன்னொரு வகை. அடி தாங்காமல் சொந்த ஊரைவிட்டு வெளியேறிய கிறிஸ்தவர்கள் 1799-ல் தனியாக நிலம் வாங்கி ஓர் ஊரை உண்டாக்கினார்கள். அதன் பெயரே முதலூர். துரத்தப்பட்டவர்களுக்குச் சொந்தமாக ஓர் இடம் கிடைத்தது. அடுத்து வருகிறவனுக்கும் போக ஒரு புகலிடம் ஆயிற்று. எருசலேமில் ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபோதும் இதுதான் நடந்தது. சிதறி ஓடியவர்கள் அந்தியோகியா வரை போனார்கள், நம்பிக்கையும் கூடவே போனது.

ஆக, மண் என்பது பார்த்த ஜனங்களும் போய்ச் சேர ஓர் இடமும். தண்ணீர்? அதற்கு ரோமுக்குப் போவோம். கி.பி. 250-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே பெரும் கொள்ளைநோய். உற்றார் உறவினரே நோயாளிகளை விட்டு ஓடியபோது கிறிஸ்தவர்கள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். செத்த தியாகியைப் பார்த்து ஒருவன் வியக்கலாம். ஆனால் தனக்குக் கஞ்சி கொடுத்தவனிடம்தான் அவன் போய்ச் சேருவான்.

இப்போது எதிர்ப்பக்கம். அதே 250-ல் பேரரசர் தேசியுஸ் ஒரு உத்தரவு போட்டார்: எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தில் அந்தச் சான்றிதழ்கள் பாப்பிரஸ் தாள்களில் கிடைத்திருக்கின்றன. பயந்துபோய் ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். அவர்களைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று சபையே பிளந்து நின்றது. இதை "வளர்ச்சி" என்று எப்படிச் சொல்வது?

ஜப்பானைப் பாருங்கள். 1614-ல் முழுத் தடை. தேடித் தேடி வேட்டையாடினார்கள். லட்சக்கணக்கில் இருந்தவர்கள் ஒளிந்து வாழும் சிறு கூட்டமாகச் சுருங்கினார்கள். 1865-ல் அவர்கள் நாகசாகியில் வெளியே வந்தபோது உலகமே வியந்தது உண்மை. ஆனால் ஜப்பான் கிறிஸ்தவ நாடாகவில்லை. அங்கும் ரத்தம் சிந்தியது. வித்தியாசம் என்ன? ரோமில் துன்புறுத்தல் விட்டுவிட்டு வந்தது, ஓர் ஊரில் அடித்தால் அடுத்த ஊரில் கண்டுகொள்ளமாட்டார்கள். ஜப்பானில் மூச்சுவிட இடைவெளியே இல்லை.

என் கட்சி இதுதான்: அடி எதையும் வளர்ப்பதில்லை. அடிபட்டவனைக் கைவிடாத கூட்டம்தான் வளர்க்கிறது. அடித்தவன் செய்வதெல்லாம், எல்லோரையும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைப்பது மட்டுமே.

இது மதத்துக்கு மட்டும் இல்லை. தேவசகாயத்தைக் கொன்ற அதே திருவிதாங்கூர், 1924-ல் வைக்கம் போராட்டத்துக்காக எங்கள் ஊர் பெரியாரை இரண்டு முறை சிறையில் போட்டது. போராட்டம் நின்றதா? நாகம்மையாரும் கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டிக் களத்தில் நின்றார்கள். அடுத்த ஆண்டே ஈரோட்டிலிருந்து குடிஅரசு வந்தது. சிறை அவருக்குப் பெயர் கொடுத்தது. கொள்கையைத் தூக்கிச் சுமந்தது வீட்டுப் பெண்களும் அச்சுக்கூடமும்தான்.

எங்கள் ஊர் பிரப் ரோட்டுக்குப் பெயர் கொடுத்த பிரப் ஒரு ஆஸ்திரேலிய மிஷனரி. இந்த ஊரில் அவரை யாரும் எருமை மேல் ஏற்றவில்லை, தலையை வெட்டவில்லை. இருந்தும் அவர் பெயரில் தேவாலயம் நிற்கிறது. அடி இல்லாமலும் வளரும் என்பதற்கு நான் தினமும் பஸ்ஸில் கடக்கிற சாட்சி அது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. கி.பி. 380-ல் கிறிஸ்தவம் ரோமின் அரசு மதம் ஆனது. சில ஆண்டுகளிலேயே பழைய தெய்வங்களுக்குப் பலியிடத் தடை வந்தது. அடி வாங்கிய கை சாட்டையைப் பிடிக்க அதிக நாள் ஆகவில்லை.

அதனால் நண்பா, "அடித்தால் வளரும்" என்று இனி சொல்லாதே. அது அடிக்கிறவனுக்கு நன்றி சொல்வது போல இருக்கிறது. அடி வாங்குகிறவனிடம் "பொறுத்துக்கோ, நல்லதுக்குத்தான்" என்று சொல்வது போலவும் இருக்கிறது. தோழியின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில்: அந்த வலிக்குக் கணக்கே கிடையாது. எத்தனை கோவில் எழும்பினாலும் அது நேராகாது. அன்றைக்கு யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதை மட்டும்தான் நாம் கணக்கில் எழுத முடியும்.

நான் சொன்னதில் தவறு இருந்தால் தாராளமாகத் திட்டலாம். அடுத்த டீ என் செலவு.