கட்டிய காசுக்குத்தான் கேட்கிறேன்

பிரிட்டனில் தொலைக்காட்சி பார்க்க உரிமம் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174 பவுண்டு 50 பென்ஸாக உயர்ந்தது. எடுக்காமல் பார்த்துப் பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை தண்டம். வழக்கு என்று வந்துவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகிற விஷயம் அது. எங்கள் வீட்டில் அந்தக் காசு ஒரு தடவையும் தவறியதில்லை. வங்கியிலிருந்து தானாகவே கழிந்துவிடும். நாங்கள் கென்டில் வீட்டில் இருக்கிறோமா, ஸ்பெயினில் கேரவனுக்குள் இருக்கிறோமா என்று யாரும் கேட்டுக் கழிப்பதில்லை. குளிருக்குப் பயந்து தெற்கே போய்விடுகிற மாதங்களிலும் கழிகிறது. அந்த மாதங்களில் அந்தக் காசுக்கு உரிய பிபிசி நிகழ்ச்சி ஒன்றைக்கூட நாங்கள் நேரலையில் பார்க்க வழியில்லை. இதை எத்தனை வருடம்தான் பொறுத்துக்கொண்டிருப்பது?

இதைச் சொன்னதும் முதலில் வருகிற பதில் எனக்குத் தெரியும். "அவ்வளவு தூரம் போய் ஏன் ரீவி பாக்கிறியள்? கடலைப் பாருங்கோவன்." சொந்தத் தங்கையே அப்படித்தான் சொல்கிறாள். இரண்டு வாரம் விடுமுறைக்கு விமானத்தில் வந்து போகிறவர்களுக்கு அது சரி. அலிகாண்டே கரையோரம் ஜனவரி மாதம் வந்து பார்க்கட்டும். மாலை ஏழு மணிக்குள் இருட்டிவிடும். பகலில் இதமாக இருந்த காற்று குளிரத் தொடங்கும். கேரவன் வளாகத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். படுக்கப் போகும்வரை நான்கைந்து மணி நேரம் இருக்கிறது. அங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் ஓய்வு பெற்றவர்கள். முழங்கால் நோவுக்கும் மூச்சுத் திணறலுக்கும் வெயில் நல்லது என்று வந்தவர்கள். அவர்களுக்குக் கேரவன் என்பது சுற்றுலா இல்லை. சமைப்பதும் துவைப்பதும் மருந்து எடுப்பதும் அதற்குள்தான். சில மாதங்களுக்கு அதுதான் வீடு. வீட்டில் இருப்பவர் சாப்பிட்ட பிறகு செய்தி பார்ப்பது எந்த ஊரிலும் நடக்கிற காரியம்.

அதிலும் நான் தேடுவது பெரிய நாடகங்களையோ ஹாலிவுட் படங்களையோ அல்ல. பிரிட்டனில் ஆறரை மணிக்கு வட்டாரச் செய்தி போகும். ஸ்பெயினில் அப்போது ஏழரை. கென்டுக்கு வருவது 'சவுத் ஈஸ்ட் டுடே'. மெட்வே ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, டோவர் துறைமுகத்தில் லாரிகள் எங்கே வரை நிற்கின்றன, எந்த மருத்துவமனையில் எந்தப் பிரிவை மூடப் போகிறார்கள், இரவில் காற்று எவ்வளவு வேகமாக வீசும் என்பதையெல்லாம் அதில்தான் சொல்வார்கள். பூட்டிவிட்டு வந்த வீடு அந்தக் காற்றில் நிற்கிறது. பேரப் பிள்ளைகள் அந்தச் சாலையில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். இதை அறிய ஆசைப்படுவது பெரிய பேராசையா?

முன்பு இப்படி இருக்கவில்லை. பிபிசி 2003இல் தன் செயற்கைக்கோள் ஒளிபரப்பின் பூட்டைக் கழற்றியது. அதற்கு முன் அட்டை போட்டுத்தான் பார்க்க வேண்டும். பூட்டை எடுத்தால் ஐரோப்பா முழுதும் பார்க்குமே என்று உரிமை விற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் அல்லவா? அதற்காக, 2000 டிசம்பரில் ஏவப்பட்ட அஸ்ட்ரா 2டி என்ற கோளுக்கு மாறினார்கள். அதன் அலைக்கற்றை பிரிட்டனையும் அயர்லாந்தையும் குறிவைத்தது. ஆனால் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அலை நாட்டு எல்லையில் கோடு கிழித்தாற்போல நின்றுவிடாது. பிரான்சில் அது சாதாரண டிஷ்ஷுக்கே கிடைத்தது. ஸ்பெயினிலும் கொஞ்சம் பெரிய டிஷ் வைத்துச் சமாளித்தவர்கள் ஏராளம். பிறகு 2014 தொடக்கத்தில் பிபிசி உள்ளிட்ட அலைவரிசைகள் அஸ்ட்ரா 2இ என்ற புதிய கோளுக்குப் போயின. அதன் பிரிட்டன் கற்றை இன்னும் இறுக்கமானது. ஒரே நாளில் ஸ்பெயினின் தெற்கிலும் கிழக்கிலும் படம் நின்றது. அங்கே நிலையாகக் குடியிருப்பவர்கள் கூரையில் இரண்டு மீட்டருக்கும் மேல் அகலமான டிஷ் பொருத்திப் பார்த்தார்கள். கேரவன்காரர் அதை எங்கே வைப்பார்? ஏற்றக்கூடிய எடைக்கு அளவிருக்கிறது. தண்ணீர்க் குடம், எரிவாயு சிலிண்டர், கூடாரத் துணி எல்லாம் ஏற்றிய பிறகு அந்த அளவில் மிச்சம் இருப்பது சில கிலோதான்.

எங்களுடையது முக்காலியில் நிறுத்துகிற சின்ன டிஷ். பிரான்சின் வடக்கில் நன்றாகவே வேலை செய்யும். லோயர் நதியைத் தாண்டிப் போகப் போக நலியத் தொடங்கும். புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் என் கணவர் கையில் திசைகாட்டியோடு வெளியே நிற்பார். நான் உள்ளே ரிசீவரின் சிக்னல் கோட்டைப் பார்த்துக்கொண்டு ஜன்னல் வழியே சொல்ல வேண்டும்.

"இஞ்சரும், இப்ப என்ன காட்டுது?"

"ஒண்டும் இல்லை. இன்னும் கொஞ்சம் கிழக்க திருப்புங்கோ."

"இப்ப?"

"வந்தது. விட்டிட்டுது."

கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 28.2 பாகை கிழக்கில் நிற்கிறது. லண்டனிலிருந்து பார்த்தால் அது தொடுவானத்திலிருந்து 25 பாகை உயரத்தில், தெற்கும் கிழக்கும் சேர்கிற பக்கம் இருக்கும். அலிகாண்டேயிலிருந்து பார்த்தால் 36 பாகைக்கு மேல், இன்னும் கிழக்கே. இடம் மாறினால் டிஷ்ஷின் நிமிர்வும் மாற வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற எல்என்பியின் சாய்வும் மாற வேண்டும். இதையெல்லாம் இவர் வருடக்கணக்கில் பழகிக் கற்றுக்கொண்டார். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் இவ்வளவு கற்றுக்கொண்டும், பிரனீஸ் மலைக்கு அப்பால் அந்த அறிவுக்கு ஒரு பயனும் இல்லை. அங்கே குறை டிஷ்ஷில் இல்லையே! போதாக்குறைக்கு மரங்கள் வேறு. நிழலுள்ள இடம் கேட்டால் பைன் மரத்துக்குக் கீழே தருவார்கள், கோள் மறைந்துவிடும். திறந்த இடம் கேட்டால் பகலெல்லாம் தகர வீட்டுக்குள் வேக வேண்டும்.

பக்கத்து இடத்தில் நிற்கிற ஜெர்மன்காரர்களைப் பார்க்கிறபோதுதான் எனக்கு வயிறு எரியும். அவர்களும் கட்டணம் கட்டுகிறவர்கள்தான். ஒரு வீட்டுக்கு மாதம் 18 யூரோ 36 சென்ட். அவர்களுடைய ஏஆர்டியும் இசட்டிஎஃபும் 19.2 பாகை கிழக்கில் இருக்கிற அஸ்ட்ராவிலிருந்து பூட்டில்லாமல், ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் விழுகிற அகன்ற கற்றையில் வருகின்றன. அவர்களுக்கு ஒரு சிறிய டிஷ் போதும். வந்திறங்கிக் கொஞ்ச நேரத்தில் பெர்லின் செய்தி ஓடத் தொடங்கிவிடும். பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் அட்டையைப் பெட்டியில் செருகிவிட்டுச் சாய்ந்துவிடுவார்கள். ஒரே வளாகம், ஒரே வானம். பிரிட்டன் பதிவெண் உள்ள வண்டிகளில் மட்டும் இருட்டு.

"டிஷ் எல்லாம் பழைய கதை அம்மா, இன்டர்நெட்டில பாருங்கோ" என்கிறான் மகன். அதைச் செய்யாமலா இருந்தோம்? வளாகத்து வைஃபை மாலையில் எல்லோரும் ஒன்றாகத் திறக்கிற நேரத்தில் நகராது. கைபேசித் தரவை எடுத்தால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு பல பிரிட்டன் நிறுவனங்கள் ரோமிங் கட்டணத்தை மறுபடி கொண்டுவந்துவிட்டன. இதையெல்லாம் தாண்டி, காசு கொடுத்து நல்ல இணைப்பு வாங்கி, பிபிசியின் ஐபிளேயர் செயலியைத் திறந்தால், இது பிரிட்டனுக்குள் மட்டும்தான் என்று ஒரு வரி வந்து நிற்கிறது. அதே செயலியில் எங்கள் கணக்கு இருக்கிறது, அஞ்சல் குறியீடு இருக்கிறது, உரிமம் உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று நாங்கள் அழுத்திய பதிலும் இருக்கிறது. நாங்கள் யார் என்பது அதற்குத் தெரியும். தெரிந்துகொண்டே மறுக்கிறது.

முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள் என்பார்கள். ஐபிளேயரில் பதிவிறக்கிய நிகழ்ச்சியை வெளிநாட்டிலும் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பிரிட்டனில் இருக்கும்போதே இறக்கியிருக்க வேண்டும். நாளைக்கு வரப்போகிற செய்தியை நேற்றே எப்படி இறக்குவது? விம்பிள்டன் ஆட்டத்தை யார் முன்கூட்டி இறக்க முடியும்? இன்னும் சிலர் விபிஎன் போடு என்று யோசனை சொல்கிறார்கள். இருக்கிற ஊரை மறைத்து, இல்லாத ஊரில் இருப்பதாகக் காட்டு என்கிறார்கள். என் சொந்த வீட்டுக்குள் முகமூடி போட்டுச் சுவரேறிக் குதிக்கச் சொல்வது போலிருக்கிறது. நான் காசு கட்டியவள். ஒளிந்து பார்க்க மாட்டேன்.

சட்டத்தை எடுத்துப் பார்த்தபோது எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரல் 1 முதல் ஒரு நல்ல விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சொந்த நாட்டில் காசு கட்டி வாங்கிய இணையச் சேவையை, ஒன்றியத்துக்குள் எங்கே தற்காலிகமாகப் போனாலும் தடையில்லாமல் தர வேண்டும் என்றது அது. பயணி வெளியூரில் பார்த்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவர் சொந்த நாட்டில் பார்ப்பதாகவே கொள்ள வேண்டும் என்றும் எழுதினார்கள். எவ்வளவு நியாயமான சிந்தனை! உரிமை விற்றவர்களின் வாயை அது அடைத்துவிடுகிறது. படமும் விளையாட்டும் நாடு நாடாக விற்கப்படுகின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனால் கேரவனில் வந்து போகிற கிழவனும் கிழவியும் ஸ்பெயினில் உரிமை வாங்கியவரின் சந்தையைக் கெடுக்கப் போவதில்லை என்பதை அந்தச் சட்டமே ஒத்துக்கொண்டது. ஆனால் அதே சட்டத்தின் முன்னுரையில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. தொலைக்காட்சி உரிமக் கட்டணம் போன்ற கட்டாயக் கட்டணத்தை இணையச் சேவைக்குக் கட்டிய காசாகக் கருதக் கூடாது என்கிறது. அதாவது, மாதாமாதம் விரும்பிக் கட்டுகிற தனியார் சேவைக்கு உரிமை உண்டு. கட்டாவிட்டால் நீதிமன்றம் என்று மிரட்டி வாங்குகிற காசுக்கு உரிமை இல்லை. இலவசச் சேவைகள் விரும்பினால் சேரலாம் என்று விட்டுவிட்டார்கள். பிபிசியின் ஐபிளேயர் வெளியே திறக்கவேயில்லை. 2020 முடிந்ததோடு பிரிட்டன்காரர்களுக்கு அந்த விதியும் போய்விட்டது.

வருடாவருடம் கட்டுகிற அந்தக் காசு கட்டணம் இல்லை என்றால் வேறு என்ன? எழுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு முன்பு உரிமம் இலவசமாக இருந்தது. 2020 ஆகஸ்டிலிருந்து பென்ஷன் கிரெடிட் என்ற உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு மட்டும்தான் என்றாகிவிட்டது. குளிர்காலத்தில் தெற்கே வருகிறவர்களில் அந்த வயதுக்காரர் எத்தனை பேர்! ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து மறுபடி கட்டத் தொடங்கியவர்கள் அவர்கள். அவர்களிடம்தான் நீங்கள் கட்டியது கட்டணமே அல்ல என்று சொல்கிறார்கள்.

இன்னொரு வேதனை. அலிகாண்டேயில் உட்கார்ந்துகொண்டு யூடியூபைத் திறந்தால் சென்னைச் செய்தி அலைவரிசைகள் நேரலையில் ஓடுகின்றன. வேளச்சேரியில் முழங்கால் அளவு தண்ணீர் என்பதை அந்த நிமிடமே பார்க்கிறேன். நான் சென்னைக்கு ஒரு காசும் கட்டவில்லை. நாற்பது வருடமாக வரி கட்டி, பிள்ளை வளர்த்து, வாக்குப் போடுகிற ஊரில் ஆறு கரை உடைத்ததா என்பதைத்தான் அடுத்த நாள் யாராவது தொலைபேசியில் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். வானொலியும் போய்க்கொண்டிருக்கிறது. பிரான்சின் வடக்கில் நிற்கும்போது 198 கிலோஹெர்ட்ஸ் நெட்டலையில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டே இவர் வெளியே இருந்து வெங்காயம் உரிப்பார். 2023 ஆஷஸோடு அந்த வர்ணனையை நெட்டலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வழி இல்லாமல் இல்லை. உரிமத்துக்கு ஒரு எண் இருக்கிறது, செயலியில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, வருடத்தில் இத்தனை நாள் வரை வெளியே திறந்திருக்கும் என்று வைத்தால் போதும். விளையாட்டையும் வெளிநாட்டுப் படங்களையும் தர முடியாவிட்டால் அவை இல்லாமலே தரட்டும். செய்தியும் வானிலையும் வட்டார நிகழ்ச்சிகளும் அவர்களே எடுப்பவைதானே. அவற்றுக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பிபிசியின் இப்போதைய அரசச் சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. கட்டணம் எவ்வளவு, அதை எப்படி வாங்குவது, கட்டாதவரை என்ன செய்வது என்பதையெல்லாம் மறுபடி பேசியே ஆக வேண்டும். அந்தப் பேச்சில் கட்டியவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதையும் யாராவது எடுக்க வேண்டும். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவதற்குக் கடிதம் தயாராக வைத்திருக்கிறேன். அதோடு உரிமத்தின் நகலும் போகும்.