துதிக்கை ஒடிந்தால்...

கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவற்றை இணையத்தில் விற்கும் அன்பரே, நீங்கள் தபாலில் அனுப்பிய பிள்ளையார் துதிக்கை ஒடிந்து போய்ச் சேர்ந்தால் என்ன செய்வீர்கள்? "அனுப்பும்போது முழுசாகத்தானே இருந்தார்!" என்று வாதாடாதீர்கள். பெட்டி, உள்சுற்று, ஒடிந்த துண்டு எதையும் எறியாமல் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்சலை இன்ஷூர் செய்திருந்தால், நஷ்டஈடு கேட்க அவைதான் சாட்சி. செய்யவில்லையா? நஷ்டம் உங்கள் தலையில்தான். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்றவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் வருஷத்து மின்வணிக விதிகள்.

ஒட்டித் தரலாமே என்பீர்கள். மரம் நன்றாகவே ஒட்டும். ஆனால் பின்னமான மூர்த்தியைப் பூஜையில் வைக்கப் பலர் சம்மதிப்பதில்லை. வாங்கியவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அடுத்த பிள்ளையாரை அனுப்புமுன் பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால், பிரித்து மறுபடி கட்டுங்கள்.