படை விலகிய பின் நிலம் யாருக்கு?

ரெட்டியார்பாளையத்திலிருந்து நகரைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், காலாப்பட்டுக்கு அப்பால் கீழ்ப்புத்துப்பட்டு ஏதிலியர் முகாம் வருகிறது. ஈழத்திலிருந்து வந்தோர் ஒரு தலைமுறைக்கும் மேலாக அங்கே வாழ்கின்றனர். 2009-இல் போர் முடிந்துவிட்டதே, ஏன் ஊர் திரும்பவில்லை என்று அவர்களைக் கேட்போர் நம்மிடையே உண்டு. திரும்பிச் செல்ல எல்லோருக்கும் ஒரு நிலம் இருந்தது என்ற அனுமானம் இக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. ஈழத்து வடபுலத்தில் படையினர் கைப்பற்றிய நிலங்களும் அவற்றுக்கு எதிராக எழுந்த மக்களின் குரல்களும் இந்த அனுமானத்தைக் கேள்விக்குள்ளாக்குகின்றன.

1990-இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் வெளியேற்றப்பட்டனர். பலாலி விமானத் தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. போர் ஓய்ந்து ஏறக்குறைய நான்காண்டுகள் கழிந்த பின்னரும், 2013 ஏப்ரலில், 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. அதற்குச் சட்டம் தந்த சொல் ‘பொதுத் தேவை’. ஆனால் வேலிக்குள் நடந்தவை வேறு. மக்களின் செம்மண் தோட்டங்களில் படையினர் பயிர்செய்தனர். காங்கேசன்துறைக் கடற்கரையில் ‘தல்செவன’ என்னும் விடுதியை இராணுவமே நடத்தியது. பொதுமக்கள் கால்வைக்க முடியாத நிலத்துக்குத்தான் ‘பொது’ என்று பெயர்.

இதற்கு உள்ளூர் மக்களின் எதிர்வினை ஒன்றாக இருக்கவில்லை. நிலத்தோடு அவரவருக்கு இருந்த உறவே எதிர்வினையின் வடிவத்தைத் தீர்மானித்தது.

கையில் உறுதிப்பத்திரம் வைத்திருந்தோர் நீதிமன்றம் சென்றனர். 2013-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வலிகாமம் நில உரிமையாளர்கள் சுவீகரிப்பை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் வேறு வழியை மேற்கொண்டனர். 2012 செப்டம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது அவர்கள் சொந்த ஊருக்கு அனுப்பப்படவில்லை. அவ்வூரில் படைத் தலைமையகம் அமைந்திருந்தது. 2017 ஜனவரி இறுதியில் பிலவுக்குடியிருப்புப் பெண்கள் குழந்தைகளோடு விமானப் படை முகாம் வாயிலில் அமர்ந்தனர். வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம் தொடர்ந்த அப்போராட்டம் மார்ச் 1 அன்று அவர்களது காணிகளை மீட்டது. 2018 ஏப்ரல் 23 அன்று, 1992-இல் வெளியேற்றப்பட்ட இரணைதீவு மீனவ மக்கள் வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் சென்று, கடற்படை நிலைகொண்டிருந்த தம் தீவில் தாமே கரையேறினர். ஆயுதம் தாங்கியோர் பிடித்த நிலத்தை ஆயுதமற்றோர் மீட்ட நிகழ்வுகள் இவை. போராட்டக் களத்தில் நிற்கும் எவரும் இவற்றிலிருந்து கற்க வேண்டியவை பல.

ஆயினும், ஊடகங்களில் அதிகம் இடம்பெறாத நான்காவது தரப்பு ஒன்று உண்டு. கோணப்புலம், சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களில் கால் நூற்றாண்டைக் கடந்தும் தங்கியிருந்தோரே அவர்கள். வசதியுள்ளோர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட, முகாம்களில் எஞ்சியோரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோராயிருந்தது தற்செயலன்று. 2015-க்குப் பின் நிலங்கள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது உறுதி வைத்திருந்தோர் எல்லைக் கற்களைத் தேடிச் சென்றனர். பிறர் காணியில் குடியிருந்து, பிறர் தோட்டத்தில் கூலி செய்து வாழ்ந்த குடும்பங்களுக்கோ தேடுவதற்குக் கல்லே இருக்கவில்லை. ‘சொந்த நிலத்தைத் திருப்பித் தா’ என்ற முழக்கத்தில் அவர்களும் குரல் கொடுத்தனர். ஆனால் அம்முழக்கத்தின் பொருளுக்குள் அவர்கள் இல்லை.

இந்நிலமின்மையைப் போர் உண்டாக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பஞ்சமர் எனப்பட்ட பள்ளர், நளவர், பறையர், வண்ணார், அம்பட்டர் ஆகியோருக்கு நிலமும் நன்னீர்க் கிணறும் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தன. தேசவழமைச் சட்டம் பங்காளிகளுக்கும் வாரிசுகளுக்கும் தந்த முதல் கொள்முதல் உரிமையும் காணி கைமாறாமல் காத்தது. இன்று விடுவிப்புக்காகப் பேசப்படும் இதே வலிகாமம் வடக்கில்தான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலும் இருக்கிறது. 1968-இல் அக்கோவிலுக்குள் நுழைய முயன்ற ஒடுக்கப்பட்ட மக்கள் வாயிலில் தடுக்கப்பட்டனர். அதே மண்ணில் படைவேலிக்கு முன்பே சாதிவேலி இருந்தது. படைவேலி விலகும் இடத்தில் சாதிவேலி மீண்டும் தெரிகிறது.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. தமிழரின் சாதிக் கொடுமையைச் சுட்டிக்காட்டிப் படை ஆக்கிரமிப்பை நியாயப்படுத்துவோர் உளர். நிலமற்ற குடும்பங்களுக்காகக் கீரிமலையில் இராணுவமே 100 வீடுகளைக் கட்ட, 2016-இல் அவை கையளிக்கப்பட்டன. பிடித்த நிலத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, நிலமற்றோருக்கு வீடு கொடுத்த வள்ளலாகப் படை தோன்றுவதற்கு வழிவிட்டது எது? அவர்களது கோரிக்கையைத் தன் கோரிக்கையாக ஏற்காத தமிழ் அரசியலின் மௌனமே. இரண்டு அநீதிகளில் ஒன்றைச் சொன்னால் மற்றொன்று வலுப்பெறும் என்று அஞ்சி மௌனம் காப்பது, இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றுவதாகும்.

நமக்கு இது அயலார் கதையன்று. 1892-இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எவ்வாறு பிறர் கைக்குப் போயின என்பதை அறிவோம். அவ்வாணை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் பொருந்தாததால், இழந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பஞ்சமி நிலமும் நமக்கு இல்லை. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியோர் மீது 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்நீத்தனர். அங்கும் துப்பாக்கி நிலமற்றோரை நோக்கியே நீண்டது.

ஆகவே, ஈழத்து நிலமீட்பை ஆதரிக்கும் நாம் இரண்டு கோரிக்கைகளைப் பிரிக்காமல் முன்வைக்க வேண்டும். முதலாவது, படையினர் பிடித்துள்ள மக்கள் நிலம் முழுவதும் நிபந்தனையின்றி விடுவிக்கப்பட வேண்டும். இரண்டாவது, மீள்குடியேற்றம் என்பதற்கு உறுதிப்பத்திரம் அளவுகோலாக இருக்கக் கூடாது. இலங்கையின் மொத்த நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரச நிலமாக இருக்கும்போது, நிலமற்ற குடும்பங்களுக்குக் குடியிருப்பும் பயிர்நிலமும் கிணறும் தர நிலம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அந்நிலம் பெண்கள் பெயரிலும் பதிவாக வேண்டும்.

கீழ்ப்புத்துப்பட்டில் இருப்போரை ஏன் திரும்பவில்லை என்று கேட்பதற்கு முன், அவர்களில் யாருக்கு அங்கே காணி இருந்தது என்று கேட்போம். படை வெளியேறும் நாளில் வேலிக்கு வெளியே இன்னும் யார் நிற்கிறார்கள் என்பதைக் கொண்டே அந்த விடுதலையை நாம் அளக்க வேண்டும்.