வீட்டுப் பணிமனை: சக்கரத்தின் இறுக்கம்

பள்ளி விடுமுறையில் நம் சங்கக் குடும்பங்கள் சில சொந்த ஊருக்குக் காரிலேயே புறப்படுகின்றன. பழைய கார் வைத்திருக்கும் அன்பர்கள் முன்சக்கர பேரிங்கைத் தாமே இறுக்கிக்கொள்வதும் உண்டு. அவர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே: மிகை இறுக்கம் தளர்ச்சியினும் தீது.

கூம்புருளை பேரிங் ஓட்டத்தில் சூடேறி விரியும். அதற்குச் சிறிது இடம் வேண்டும். இடமின்றி முறுக்கினால் கிரீஸ் உருகி ஒழுகும். உருளைகள் கெட்டுச் சக்கரம் பிடித்துக்கொள்ளவும் கூடும். குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் செல்லுங்கால் இது உயிருக்கே கேடு.

முறை எளிதே. வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மீது நிறுத்துக. சக்கரத்தைச் சுழற்றியவாறே ஸ்பானரால் நட்டை இறுக்கினால் உருளைகள் தம்மிடத்தில் அமரும். பின்பு நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்குக. ஸ்பிளிட் பின் துளை நேர்ப்படாவிடில், நட்டைச் சற்றுத் தளர்த்தியே நேராக்குக. பழைய பின்னை மீண்டும் செருகலாகாது. புதியதன் விலை சொற்பமே.

ரயில்வேயில் வண்டி நின்றதும் அச்சுப்பெட்டியின் சூட்டைத் தொட்டறிவது பழைய வழக்கம். நீங்களும் 10 கிலோமீட்டர் ஓட்டியபின், இரு பக்கத்து ஹப்புகளையும் கவனமாகத் தொட்டு ஒப்பிடுக. ஒன்று மட்டும் மிகச் சுட்டால் பயணத்தை நிறுத்துக.

புதிய கார்களின் மூடிய பேரிங்குகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றுக்குக் கம்பெனிக் கையேடு கூறும் அளவே சரி.