மனு எங்கே போகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தியுடனும் அவள் அம்மாவுடனும் ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். ஒருவன் ஆறு மாதமாக அவளைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தான். கல்லூரி வாசல், பேருந்து நிறுத்தம், வீட்டுத் தெரு என்று எங்கும் நின்றான். அவள் பேசாமல் போனதும் அவளுடைய படத்தை வெட்டி ஒட்டி நான்கு பேருக்கு அனுப்பினான்.

இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு ஆய்வாளர் மனுவை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க, எஃப்.ஐ.ஆர். போட்டா பொண்ணு பேருதான் கெடும். பையனைக் கூப்பிட்டு மெரட்டி விடுறேன், போதும்" என்றார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தரவில்லை. ரைட்டர் இல்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம்.

பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு மனு நாளில் போய், இந்த நிலையம் புகாரை வாங்க மறுக்கிறது என்று எழுதிக் கொடுத்தோம். அங்கே மரியாதையாக நடத்தினார்கள். மனுவில் முத்திரை குத்தி எண் கொடுத்தார்கள். அந்த எண்ணை அந்த அம்மா பர்சில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அதே நிலையத்தின் அதே ஆய்வாளர். "எஸ்.பி. ஆபீஸ்ல எங்க மேலயே மனு குடுத்தீங்களாமே? விசாரிக்கச் சொல்லி எங்கிட்டத்தான் அனுப்பியிருக்காங்க. வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." அந்த அம்மா என்னிடம் சொல்லாமலே போய்க் கையெழுத்துப் போட்டார். மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்பதற்கான கையெழுத்து அது. அடுத்த மாதம் மகளை வேறு ஊரில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பட்டப்படிப்பின் கடைசி வருடம் பாதியில் நின்றது. மனு "தீர்வு காணப்பட்டது" என்று எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கும்.

அந்த ஆய்வாளர் ஒரு கெட்ட மனிதர், நல்லவர் வந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தால் நாம் ஏமாந்துபோவோம். என் கேள்வி அவரைப் பற்றியது அல்ல. காவல்துறைமீது கொடுக்கும் புகார் ஏன் காவல்துறையின் மேசைக்கே திரும்பி வருகிறது? இந்தப் பாதையைப் போட்டவர்கள் யார்?

பாதை தற்செயலாக அமைந்ததல்ல. காவல்துறைச் சீர்திருத்தம் கோரி, ஓய்வுபெற்ற காவல் அதிகாரியான பிரகாஷ் சிங் 1996இல் உச்ச நீதிமன்றம் போனார். பத்து ஆண்டுகள் கழித்து, 2006 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் காவல்துறைமீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையங்கள் வேண்டும், மாநில ஆணையத்துக்கு உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு முன்னாள் மாவட்ட நீதிபதியும் தலைவராக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். காவலில் நடக்கும் மரணமும் பாலியல் வல்லுறவும் மாநில ஆணையம் விசாரிக்க வேண்டியவற்றில் முதன்மையானவை. ஆணையத்தின் பரிந்துரை துறையைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது.

தமிழ்நாடு என்ன செய்தது? 2013இல் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தில் புகார் ஆணையம் உண்டு. மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். காவல்துறைத் தலைமை இயக்குநர் அதில் உறுப்பினர். மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். எஸ்.பி. அதில் உறுப்பினர். நீதிபதியைக் காணோம். பெயர்ப்பலகை நீதிமன்றம் கேட்டது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் துறை கேட்டவர்கள். இது ஒரு கட்சியின் குற்றமல்ல. அதற்குப் பிறகு ஆட்சி மாறியது, இந்த அமைப்பை மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை. தன் கையில் இருக்கும் காவல்துறையைப் பிறர் கேள்வி கேட்பதை எந்த ஆட்சியும் விரும்பியதில்லை.

ஆட்சியரும் எஸ்.பி.யும் விசாரித்தால் என்ன குறை என்று கேட்பவர்கள் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்திக்குப் போக வேண்டும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. கிணற்றைப் பாழாக்கினார்கள். புகார் சொன்னவர்களைத் திருடர்கள் என்றது அரசுத் தரப்பு. மாவட்ட நிர்வாகத்துக்கு எதுவும் தெரியவில்லை.

உண்மையை வெளியே கொண்டுவந்தவர்கள் யார்? மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஊருக்குள் போயின. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல அதிகாரியாக இருந்த பாமதி நேரில் விசாரித்து, பெண்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. சம்பவம் நடந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு உத்தரவும் இருந்தது. சம்பவம் நடந்தபோது பொறுப்பில் இருந்த மாவட்ட ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது நீதிமன்றம். இந்தப் பதவிகளை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாச்சாத்தி இன்று நடந்தால், அந்தப் பெண்களின் புகாரை மாவட்ட அளவில் விசாரிக்கச் சட்டம் நியமித்திருப்பது ஓர் ஆட்சியரையும் ஓர் எஸ்.பி.யையும்தான்.

பெண்களுக்குத்தான் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றனவே என்பார்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. வாச்சாத்தி நடந்த அதே ஆண்டு. அந்த நிலையங்களால் பயனடைந்த பெண்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்காலியில் பெண் உட்கார்ந்தால் நாற்காலியின் குணம் மாறிவிடாது. "ரெண்டு அடி அடிச்சா என்னம்மா, அனுசரிச்சுப் போ" என்று பெண் காவலர் சொல்லிக் கேட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

பெண் காவலர்களுக்கே துறைக்குள் என்ன பாதுகாப்பு இருக்கிறது? 2021 பிப்ரவரியில் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, சட்டம் ஒழுங்கைக் கவனித்த சிறப்பு டி.ஜி.பி. தன்னைப் பாலியல் சீண்டலுக்கு ஆளாக்கினார் என்று புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடியில் அவருடைய காரை மறித்தது காவல்துறை. மறித்தவர் ஒரு மாவட்டத்தின் எஸ்.பி. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த டி.ஜி.பி.க்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. காரை மறித்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். ஐ.பி.எஸ். அதிகாரியையே புகார் கொடுக்கப் போகும் வழியில் மறிக்க முடிகிறதென்றால், பர்சில் மனு எண்ணை மடித்து வைத்திருந்த அந்த அம்மாவை ஒரு தொலைபேசி அழைப்பே மறித்துவிட்டதில் என்ன ஆச்சரியம்?

பெண்களின் பாதுகாப்பு என்று அரசு பேசத் தொடங்கினால் கேமரா வருகிறது. நிர்பயா நிதியில் "பாதுகாப்பான நகரம்" திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. தெருவெல்லாம் நம்மைப் பார்க்கிறது கேமரா. காவல் நிலையத்துக்குள் இருக்கும் கேமரா யாரைப் பார்க்கிறது? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிக்கப்பட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்தின் கேமராவில் போதிய சேமிப்பு இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். நடந்ததைச் சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். பயந்து பயந்துதான் சொன்னார். துறைக்கு வெளியிலிருந்து ஒரு நடுவர் வந்து எதிரே உட்கார்ந்ததால்தான் அவரால் சொல்ல முடிந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நான் மூன்று நாள் உட்கார்ந்திருந்த அந்த பெஞ்சும் ஒரு கேமராவின் கண்ணில் பட்டிருந்து, அதன் பதிவை வெளியாள் ஒருவர் கேட்டுப் பார்த்திருந்தால், "ரைட்டர் இல்லை" என்ற பதிலை மூன்றாம் நாளும் சொல்லியிருக்க முடியுமா?

புகார் கொடுத்தாலும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறையே வெளியிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் எஃப்.ஐ.ஆர். அவருடைய விவரங்களோடு வெளியே கசிந்தது. இரண்டு வழக்கிலும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. "எஃப்.ஐ.ஆர். போட்டா பொண்ணு பேருதான் கெடும்" என்றாரே எங்கள் ஆய்வாளர், அவர் எங்களுக்கு எச்சரிக்கை சொல்லவில்லை. தன் துறை என்ன செய்யும் என்று தெரிந்து சொல்லியிருக்கிறார்.

இப்போது என் தவறையும் சொல்கிறேன். 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவர் வல்லுறவு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவு அவரைக் காணவில்லை என்று புகார் கொடுக்கப் போன குடும்பத்தை, இது எங்கள் எல்லை இல்லை என்று காவலர்கள் அலைக்கழித்தார்கள். அதற்காக மூன்று காவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். டிசம்பர் 6 விடியற்காலை, பிடிபட்ட நால்வரையும் காவல்துறை சுட்டுக் கொன்றது. மக்கள் காவலர்கள்மீது பூத் தூவினார்கள். அந்தப் படத்தை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். மனம் அன்று நிறைந்துதான் இருந்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை வெளியானது. தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்ற கதையை நம்ப முடியாது, 10 காவலர்கள்மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது அறிக்கை.

காணாமல் போன இரவில் புகாரை வாங்காத துறைக்கு, ஒன்பது நாளில் நாம் பூத் தூவினோம். அந்தத் துப்பாக்கிச் சத்தத்தில் "அன்றிரவு ஏன் தேடவில்லை?" என்ற கேள்வி காணாமல் போயிற்று. கேள்வி கேட்பாரில்லாத துப்பாக்கியைப் பெண்களின் பெயரால் ஆசீர்வதித்தால், அதே துப்பாக்கி நாளை வாச்சாத்திக்குள் நுழையும்போது நம்மால் என்ன சொல்ல முடியும்?

காவல்துறைக்கு ஆள் போதாது, வேலைப்பளு அதிகம், இப்படிக் கேள்வி கேட்டால் மன உறுதி குலையும் என்கிறார்கள். வேலைப்பளு உண்மை. ஆளைக் கூட்டட்டும். ஆனால் ஒரு ரசீது எழுத எத்தனை நிமிடம் ஆகும்? கேள்வி கேட்டால் குலைந்துபோகும் உறுதியை நம்பியா நம் மகள்களைத் தெருவில் அனுப்புகிறோம்?

2013இலேயே சட்டம் திருத்தப்பட்டது. வல்லுறவு, அமில வீச்சு போன்ற குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். பதிய மறுக்கும் அதிகாரிக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை. புதிய நியாய சன்ஹிதாவிலும் அது இருக்கிறது. ஆனால் நிலையம் மறுத்தால் அடுத்து எங்கே போவது? எஸ்.பி.யிடம் போ, அதற்கும் பிறகு நடுவரிடம் போ என்கிறது புதிய நடைமுறைச் சட்டம். எஸ்.பி.யிடம் போன மனு எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் சொன்னேன்.

அதனால் கேட்கிறேன். புகார் ஆணையங்களின் தலைமையில் உள்துறைச் செயலாளரும் ஆட்சியரும் இருக்கக் கூடாது, 2006 தீர்ப்பு சொன்னபடி முன்னாள் நீதிபதிகள் வரவேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், அவர்களில் தலித், பழங்குடிப் பெண்கள் இருக்க வேண்டும். ஒரு நிலையத்தின்மீது கொடுக்கும் புகார் எந்தக் காரணத்தாலும் அந்த நிலையத்துக்குத் திரும்பக் கூடாது. எத்தனை புகார் வந்தது, எத்தனை பேர்மீது நடவடிக்கை எடுத்தார்கள் என்பதை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஒரு பெண்ணின் பெயர் கசிந்தால், அரசுப் பணத்தில் இழப்பீடு கொடுத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கசியவிட்டவரின் பெயரும் வெளியே வரவேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். மனுவின் நகல் இல்லாமல் போகாதீர்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். ஏதாவது கையெழுத்துப் போடச் சொன்னால் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். இந்தக் கடைசி வரியை அன்று அந்த அம்மாவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

அவர் அதற்குப் பிறகு ஒருமுறை என்னைக் கடைத்தெருவில் பார்த்தார். பர்சைத் திறந்து அந்த மனு எண்ணைக் காட்டினார். "இதை இன்னும் தூக்கிப் போடலை டீச்சர். யாராவது கேப்பாங்களா?" என்றார். கேட்பதற்கு ஓர் ஆணையம் சட்டத்தில் இருக்கிறது என்றும், அதில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்றும் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.